ஹை-ரெஸ் இசைச் சேவைகளை ஒப்பிடுவது எப்படி? முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள்

மார்கழிக் கச்சேரி முடிந்து சபா கேன்டீன் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் தம் கைப்பேசியை நீட்டினார். "இந்தச் செயலியில் கேளுங்கள், பிறகு அதில் கேளுங்கள். முதலாவதில் வயலின் மடியில் வந்து உட்காருகிறது" என்றார். கேட்டேன். உண்மைதான், உட்கார்ந்தது. இரண்டு செயலிகளின் அமைப்புகளையும் திறந்து பார்த்தேன். ஒன்றில் பாட்டுக்குப் பாட்டு ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இயங்கிக்கொண்டிருந்தது, மற்றதில் நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டிலும் அதை நிறுத்தியதும் வயலின் மடியிலிருந்து இறங்கிவிட்டது. அவர் காதில் மாட்டியிருந்தது புளூடூத் என்பது தனிக்கதை.

எந்தச் சேவையில் ஒலி நன்றாக இருக்கிறது என்று நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இப்படித்தான். சேவையை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு சத்தத்தின் அளவையோ, வெளியீட்டுக்காக இறுதிசெய்த வெவ்வேறு பிரதிகளான மாஸ்டர்களையோ, நடுவில் நிற்கும் கைப்பேசியையோ ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு மிஞ்சுவது என்ன என்று பார்க்கும் வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை இரவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலும் போதும். கம்பி வைத்த ஹெட்ஃபோன், எண்ணை ஒலியாக மாற்றும் சிறிய யுஎஸ்பி டாக், விண்டோஸ் கணினி, ஒரு நோட்டுப் புத்தகம், பொறுமையுள்ள உறவினர் ஒருவர் வேண்டும். கடைசியில் சொன்னதுதான் கிடைப்பது அரிது.

எண்களை ஒருமுறை பார்த்துவிடுவோம்

1982-இல் சந்தைக்கு வந்த சிடியின் அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதிவைக்கிறார்கள் என்று பொருள். அதில் பாதி, அதாவது 22,050 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை இந்த அளவீட்டிலிருந்து முழுமையாக மீட்டெடுக்கலாம். இளம் வயதுக் காதுக்கே எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அது இறங்கிக்கொண்டே வரும். ஹை-ரெஸ் என்று விற்கப்படுவது 24 பிட்டும், 48-இலிருந்து 192 கிலோஹெர்ட்ஸ் வரையும்.

பிட் முடிவுசெய்வது மிகமெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலுள்ள தூரத்தை. 16 பிட்டுக்கு அது சுமார் 96 டெசிபல், 24 பிட்டுக்குக் கணக்கின்படி 144. மந்தைவெளியில் மூன்றாம் மாடியில் இருக்கும் என் அறையைக் கைப்பேசிச் செயலியால் அளந்து பார்த்தேன். மின்விசிறி ஓடும்போது 46 டெசிபல், இரவு பதினொன்றரைக்கு அதை நிறுத்தினால் 33. பாட்டின் உச்சம் 90-ஐத் தொடும்படி ஸ்பீக்கரில் கேட்டாலும் எனக்குக் கிடைப்பது அதிகபட்சம் 57 டெசிபல் இடைவெளி. 96-ஏ நிரம்பவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் பல தடங்களைக் கலந்து, ஏற்றி இறக்கி வேலை செய்பவர்களுக்கு 24 பிட் மிகவும் தேவை. கேட்பவருக்கு எவ்வளவு தேவை என்பதுதான் வழக்கு.

அந்த வழக்கில் இரண்டு ஆய்வுகளை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். 2007-இல் மேயரும் மோரனும் வெளியிட்ட ஆய்வில், ஹை-ரெஸ் ஒலியின் நடுவே சிடி தரத்துக்கு இறக்கும் கருவியைக் கேட்பவருக்குத் தெரியாமல் நுழைத்தார்கள். 554 முயற்சிகளில் சரியான விடை 49.8 சதவீதம், காசு சுண்டியதற்குச் சமம். 2016-இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். 12,500-க்கும் மேற்பட்ட முயற்சிகளில் 52.3 சதவீதம் சரி. பயிற்சி பெற்றவர்களுக்கு விழுக்காடு இன்னும் கூடியது. ஆக, வேறுபாடே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது, மடியில் வந்து உட்காரும் என்று சொல்லவும் முடியாது.

சேவைகளின் நிலவரத்தையும் பார்த்துவிடலாம். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலிருந்து கூடுதல் கட்டணம் இல்லாமல் அலாக் வடிவில், அதாவது ஒலியில் எதையும் இழக்காத சுருக்கமாக, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை தருகிறது. ஸ்பாட்டிஃபை 2025-இல் இழப்பற்ற ஒலியைக் கொண்டுவந்தது. அதன் உச்சம் ஃபிளாக் வடிவில் 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். வெளிநாட்டு உறவினர்கள் பெருமையாகச் சொல்லும் டைடலும் கோபஸும் 192 வரை போகின்றன. யூடியூப் மியூசிக்கின் உச்சம் 256 கிலோபிட் ஏஏசி, ஜியோசாவனுடையது 320 கிலோபிட். இவை இரண்டும் இழப்புள்ள சுருக்கம், அதாவது கோப்பைச் சிறிதாக்க ஒலியின் ஒரு பகுதியைத் தூக்கி எறிவது.

முதல் படி: பாதையைச் சுத்தம் செய்யுங்கள்

புளூடூத்தை அணைத்துவிடுங்கள். சிடி தரத்துக்கே நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். புளூடூத்தில் எல்டாக் என்ற உயர்தர முறை வழியாகப் போனாலும் உச்சம் 990 தான், நெரிசலான இடத்தில் அது 330-க்கும் இறங்கும். ஐஃபோனிலிருந்து புளூடூத்துக்குப் போவது ஏஏசி. 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டைச் சேவை அனுப்பினாலும், காதுக்கு வருமுன் கைப்பேசி அதை மறுபடியும் பிழிந்துவிடுகிறது. மெட்ரோவிலும் பஸ்ஸிலும் கேட்க அது தாராளமாகப் போதும். ஒப்பிட மட்டும் உதவாது.

அடுத்து டாக். கட்டைவிரல் அளவில் டாங்கிளாகக் கிடைக்கிறது. ரிச்சி தெருவில் கேட்டால் கடைக்காரர் 384, 768 என்று எண்களை அடுக்குவார், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த அளவில் இயங்குகிறது என்று காட்டும் விளக்கு அதில் இருக்கிறதா? ஆப்பிளின் சிறிய ஹெட்ஃபோன் அடாப்டர் ஒலியில் குறைசொல்ல முடியாத பொருள், ஆனால் அதன் எல்லை 48 கிலோஹெர்ட்ஸ். தங்கமுலாம் பூசிய யுஎஸ்பி கேபிளைத் தலையில் கட்டப் பார்த்தால் சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

அந்த விளக்கின் அருமை வீட்டுக்கு வந்த அன்றே தெரிந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாங்கிளைச் செருகி 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டு ஒன்றைப் போட்டேன். திரையில் 24 பிட், 192 என்று எழுதியிருந்தது. என் டாங்கிளில் 48-க்கு நீலம், அதற்குமேல் மஞ்சள். விளக்கு நீலமாகவே எரிந்தது. பாட்டை மாற்றினேன், நீலம். கழற்றிச் செருகினேன், நீலம். ஆண்ட்ராய்டு பொதுவாக எல்லா ஒலிகளையும் ஒரே கலவையில் கொட்டி ஒரே அளவுக்கு, பெரும்பாலும் 48-க்கு, மாற்றி அனுப்புகிறது. ஆண்ட்ராய்டு 14-இல் இதைத் தாண்டிப் போக வழி திறந்துவிட்டிருக்கிறார்கள், ஆனால் செயலியும் கருவியும் அதைப் பயன்படுத்த வேண்டும். அதே டாங்கிளை மனைவியின் ஐஃபோனில் செருகியதும் மஞ்சள் வந்தது. மாதக்கணக்கில் நான் கொண்டாடிய 192 என் காதுக்கு வந்ததே இல்லை.

கணினியிலும் இதே சிக்கல் உண்டு. விண்டோஸில் ஒலி அமைப்புகளுக்குள் போய் கிலோஹெர்ட்ஸ் அளவை நீங்கள்தான் பாட்டுக்கு ஏற்ப வைக்க வேண்டும். மேக்கில் ஆடியோ மிடி செட்டப் என்ற செயலியில் இதையே செய்ய வேண்டும்.

இரண்டாம் படி: உதவி செய்யும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்

ஒலியளவுச் சமப்படுத்தல், ஈக்வலைசர், பாட்டுகளை ஒன்றோடொன்று இழைக்கும் கிராஸ்ஃபேட், கைப்பேசி நிறுவனம் தானாகச் சேர்த்திருக்கும் ஒலி மேம்பாடு ஆகிய அனைத்தும் நிற்க வேண்டும். ஆப்பிளில் சமப்படுத்தலுக்கு சவுண்ட் செக் என்று பெயர். டால்பி அட்மாஸையும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். அட்மாஸ் என்பது அதே பாட்டை வேறு ஒருவர் உட்கார்ந்து வேறு விதமாகக் கலந்த கலவை. அதை ஸ்டீரியோவோடு ஒப்பிட்டுச் சேவைக்கு மதிப்பெண் போடுவது, ஒரே பெயர் கொண்ட இரண்டு கடைகளின் சாம்பாரை ஒப்பிட்டுவிட்டுப் பருப்பு விற்றவரைக் குறை சொல்வதுபோல.

தரத்தை உச்சத்தில் வைத்துப் பாட்டுகளைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். நேரடியாக ஓடவிட்டால் இணையம் தடுமாறும்போது தரம் சத்தமில்லாமல் இறங்கிவிடும். வைஃபையில் செய்யுங்கள். ஆப்பிளே சொல்லும் கணக்கின்படி மூன்று நிமிடப் பாட்டு சாதாரணத் தரத்தில் 6 எம்பி, இழப்பற்ற தரத்தில் 36, ஹை-ரெஸ்ஸில் 145. நாளுக்கு 1.5 ஜிபி தரும் திட்டம் பத்துப் பாட்டில் தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி: இரண்டும் ஒரே மாஸ்டர்தானா?

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். தமிழ்ப் பாட்டுக் கேட்பவர்களுக்கு வழுக்கல் இன்னும் கூடுதல்.

ஆங்கிலப் பாப் ஆல்பம் என்றால் பெரும்பாலும் ஒரே கோப்பு எல்லாச் சேவைகளுக்கும் போயிருக்கும். நம் பழைய திரைப்பாடல்களின் கதை வேறு. ஒரே பாட்டு படத்தின் ஆல்பத்திலும், பாடகரின் தொகுப்பிலும், கவிஞரின் தொகுப்பிலும், காதல் பாடல்கள் நூறு என்பது போன்ற மூட்டையிலும் இருக்கும். ஒன்று மூல நாடாவிலிருந்து எடுத்தது, ஒன்று இசைத்தட்டிலிருந்து, இன்னொன்று இரைச்சலைத் துடைக்கிறேன் என்று ஜால்ராவையும் சேர்த்துத் துடைத்தது. பாட்டின் தொடக்கத்தில் இசை ஆரம்பிக்குமுன் உள்ள ஓரிரு நொடியை ஒலியேற்றிக் கேளுங்கள். மெல்லிய சீறல் நாடா, சின்னச் சின்ன வெடிப்பு இசைத்தட்டு, செத்த அமைதி என்றால் யாரோ துடைத்திருக்கிறார்கள். இசைத்தட்டிலிருந்து எடுத்ததை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற உறையில் போட்டு அனுப்பினாலும் அது இசைத்தட்டுத்தான்.

ஆல்பத்தின் அடியில் இருக்கும் உரிமையாளர் பெயரும் ஆண்டும் இரண்டு சேவைகளிலும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு பாட்டின் நீளத்தை நொடிக் கணக்கில் ஒப்பிடுங்கள். நான் எடுத்துக்கொண்ட பழைய கர்நாடகப் பதிவு ஒன்று ஒரு சேவையில் 4 நிமிடம் 30 நொடி, மற்றதில் 4 நிமிடம் 27. தொடக்க அமைதியில் வெட்டியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

கீழ்வீட்டு மாமா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மிருதங்கம் வாசிப்பார். இரண்டையும் கேட்கச் சொன்னேன். எந்தச் சேவை, எந்தத் தரம் என்று எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது தொடங்கி பத்து நொடி ஆகியிருக்காது, ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"என்னப்பா, சுருதி ஏறியிருக்கிறதே?"

"இரண்டும் ஒரே பதிவுதான், மாமா."

"ஒரே பதிவாக இருக்கலாம். ஒரே சுருதி இல்லை. போய் என் சுருதிப் பெட்டியை எடுத்து வா."

எடுத்து வந்தேன். முதலாவதோடு பெட்டியைச் சேர்த்துவைத்துவிட்டு, அதைத் தொடாமல் இரண்டாவதை ஓடவிட்டார். பல்லில் மணல் கடிபட்டதுபோல் இருந்தது. நாடா 1 சதவீதம் வேகமாக ஓடினால் 270 நொடிப் பாட்டு மூன்று நொடிக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும், சுருதி சுமார் 17 சென்ட் ஏறும். அதாவது அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு. எது மூலவேகம் என்று இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஏறிய சுருதி துள்ளலாகவும் பளிச்சென்றும் கேட்கும். அதைத்தான் நான் ஒரு வாரமாக ஹை-ரெஸ்ஸின் தெளிவு என்று குறித்துவைத்திருந்தேன். அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்தேன்.

நான்காம் படி: கணினி சாட்சி சொல்லட்டும்

இரண்டு மாஸ்டர்கள் ஒன்றுதானா என்பதற்குக் காதைவிட நம்பகமான சாட்சி கழித்தல். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் விண்டோஸ் வசாபியைத் தேர்ந்தெடுத்து லூப்பேக் வழியாகப் பதிந்தால், கணினியில் ஓடுவது அப்படியே பதிவாகும். ஒரே பாட்டின் ஒரே முப்பது நொடியை இரண்டு சேவைகளிலிருந்தும் பதியுங்கள். செயலிகளின் ஒலியளவு முழுமையாக இருக்கட்டும், இரண்டிலும் 44.1 கிலோஹெர்ட்ஸ் உள்ள பாட்டாகத் தேர்ந்தெடுத்து விண்டோஸையும் அதே அளவில் வையுங்கள். அளந்து முடித்ததும் பதிவை அழித்துவிடுங்கள்.

இரண்டு தடங்களையும் நன்றாகப் பெரிதாக்கி, அலையின் ஒரே முகடு ஒன்றின்கீழ் ஒன்று வரும்படி நகர்த்துங்கள். நொடிக்கு 44,100 அளவீடுகளில் ஒன்றுகூடத் தள்ளி இருக்கக் கூடாது, இதற்குக் கால்மணி நேரம் பிடிக்கும். பிறகு ஒன்றைத் தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். மாஸ்டர் ஒன்று, இரண்டும் இழப்பற்றவை என்றால் ஒன்றையொன்று தின்றுவிட்டு அமைதியோ அதற்கு மிக அருகிலுள்ள ஒன்றோதான் மிஞ்சும். ஒன்று ஏஏசி என்றால் கிசுகிசுப்பாக ஓர் எச்சம் கேட்கும். சுருக்கத்தில் தூக்கி எறிந்தவை அவை. பாட்டே தெளிவாகக் கேட்டால் மாஸ்டர் வேறு. அந்தப் பாட்டை ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஒலியளவைச் சமப்படுத்த வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், 0.1 டெசிபல் வரை துல்லியமாக. ஒரு துளி உரக்கக் கேட்பது உரப்பாகத் தோன்றாது, நன்றாக இருப்பதாகத் தோன்றும் என்பதுதான் காரணம். கைப்பேசியின் அளவுமானிச் செயலியால் 0.1 டெசிபலைப் பிடிக்கவே முடியாது. ஆனால் கழித்தலில் அமைதி கிடைத்த பாட்டுக்கு இந்தக் கவலையே வேண்டியதில்லை. ஒரே மாஸ்டர், ஒரே டாக், சமப்படுத்தல் இல்லை என்றால் அளவு தானாகவே ஒன்றாக இருந்தாக வேண்டும். இந்தப் படியில் அமைதி கிடைத்த இரண்டு இழப்பற்ற சேவைகளை மேற்கொண்டு காதால் ஒப்பிட எதுவும் இல்லை. இரண்டும் ஒரே எண்களை அனுப்புகின்றன.

ஐந்தாம் படி: உங்கள் காதின் எல்லை எது?

மீதமிருப்பது இழப்பற்றதற்கும் இழப்புள்ளதற்கும், சிடி தரத்துக்கும் ஹை-ரெஸ்ஸுக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குக் கேட்கிறதா என்பது. இதைச் சேவைகளை வைத்துச் சோதிப்பதைவிட, விலைகொடுத்து வாங்கிய 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு ஒன்றை வைத்துச் சோதிப்பது சுலபம். ஒரே கோப்பிலிருந்து 16 பிட் 44.1, 320 கிலோபிட், 128 கிலோபிட் என்று மூன்று பிரதிகள் எடுங்கள். ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருளில் ஏபிஎக்ஸ் என்ற கூடுதல் கருவி உண்டு. ஏ எது, பி எது என்று காட்டிவிட்டு, அவற்றில் ஒன்றை எக்ஸ் என்று மறைத்துக் கொடுக்கும். எக்ஸ் யார் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

எதைக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். மெல்லிசைக் குரலும் வீணையின் நீண்ட கார்வையும் சுருக்கத்துக்குச் சுலபமானவை. சட்டென்று வெடிக்கும் ஒலிகள் கடினம்: ஜால்ரா, கடம், கஞ்சிரா, மோர்சிங். சுருக்கத்தில் ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கையாள்வதால், தட்டு விழுவதற்கு ஒரு கணம் முன்பே மங்கலாக ஒரு சலசலப்பு பரவிவிடும். எல்லாவற்றையும்விடக் கடினம் கைதட்டல். ஆயிரம் சிறு வெடிப்புகள் தாறுமாறாக விழுவதைச் சுருக்க எந்த முறையும் திணறும். மியூசிக் அகாடமி போன்ற பெரிய அரங்கில் தனி ஆவர்த்தனம் முடிந்து கோர்வை விழுந்ததும் எழும் அந்தக் கைதட்டல்தான் என் சோதனைத் துண்டு. கச்சேரிப் பதிவில் நாம் தாண்டிவிட்டுப் போகும் இடம். குறைந்த தரத்தில் அது கைதட்டலாகக் கேட்காது, தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் கேட்கும்.

துண்டு பத்து நொடிக்குமேல் வேண்டாம். ஒலியின் நுண்மையைக் காது சில நொடிகள்தான் பிடித்துவைத்திருக்கும். முழுப்பாட்டையும் கேட்டுவிட்டு அடுத்ததைக் கேட்டால் நினைவையும் மனநிலையையும்தான் ஒப்பிடுவீர்கள்.

பதினாறு முறை செய்யுங்கள். வெறும் குருட்டு யூகத்தில் 12 அல்லது அதற்குமேல் சரியாக வருவதற்கான வாய்ப்பு நூறில் நாலுக்கும் குறைவு. 12 வந்தால் கேட்கிறது என்று நம்பலாம். 10 வந்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம், யூகத்திலேயே நூறில் இருபத்து மூன்று முறை பத்தோ அதற்குமேலோ வரும். எத்தனை முறை செய்வது என்பதை முன்பே முடிவுசெய்துவிடுங்கள். நல்ல எண்ணிக்கை வந்த இடத்தில் நிறுத்துவது சீட்டாட்டத்தில் ஜெயித்ததும் எழுந்துபோவதற்குச் சமம்.

என் நோட்டில் உள்ளது இது. கைதட்டல், 128 கிலோபிட்டுக்கும் மூலத்துக்கும்: 15. அதே துண்டு, 320-க்கும் மூலத்துக்கும்: 9. சிடி தரத்துக்கும் 96 கிலோஹெர்ட்ஸுக்கும்: 8. பாதிக்குப் பாதி. எனக்கு வயது 47. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள் 320-இல் 13 வாங்கினாள். "சித்தப்பா, கைதட்டல் விழுவதற்கு முன்னாலேயே ஏதோ தூசி பறக்கிறதே, அது உங்களுக்குக் கேட்கவில்லையா?" என்றாள். இல்லை என்றேன்.

சேவைகளையே நேரடியாகச் சோதித்தாக வேண்டும் என்றால் உறவினர் தேவைப்படுவார். அவர் காசு சுண்டி, தலை விழுந்தால் முதல் செயலி, பூ விழுந்தால் இரண்டாவது என்று அதே டாக்கில் ஓடவிட வேண்டும். நீங்கள் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். விடைகளை அவர் தனித்தாளில் எழுதட்டும், பதினாறும் முடிந்த பிறகுதான் ஒத்துப்பார்ப்பது. சென்னையில் இதற்கு ஏற்ற நேரம் இரவு பதினொன்றுக்குமேல், அல்லது பால் பாக்கெட் வருமுன் விடியற்காலை. மின்விசிறி, ஏசி இரண்டும் நிற்க வேண்டும் என்பதால் சித்திரை, வைகாசியில் முயல வேண்டாம். வியர்வை வழியும்போது எல்லாச் சேவைகளும் மோசமாகத்தான் இருக்கும்.

முடிவை வைத்து என்ன செய்வது?

320-க்கும் மூலத்துக்கும் வேறுபாடு கேட்காதவர் ஹை-ரெஸ்ஸுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தை ஹெட்ஃபோனில் போடுங்கள். இரண்டு ஹெட்ஃபோன்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைக் கேட்க ஏபிஎக்ஸ் தேவைப்படாது. வேறுபாடு கேட்கிறவர் இழப்பற்ற சேவைகளில் ஏதாவது ஒன்றை எடுத்தால் போதும், 44.1-ஆ 192-ஆ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

இருவருமே பார்க்க வேண்டியது, அடிக்கடி கேட்கும் இருபது ஆல்பங்களின் எந்தப் பதிப்பு எந்தச் சேவையில் இருக்கிறது என்பதை. நான் அப்படிப் பட்டியலிட்டேன். பழைய திரைப்பாடல்களில் மூன்றாம் படியில் சொன்ன வேறுபாடுகள், அதாவது நாடா, இசைத்தட்டு, துடைத்தது, வேகம் கூடியது என்பவை, அடுத்த அறையிலிருந்து கேட்டாலே தெரிந்தன. 11 ஆல்பங்கள் ஒரு சேவையிலும் 5 மற்றதிலும் நன்றாக இருந்தன, 4-க்கு இரண்டிலும் உருப்படியான பதிப்பு இல்லை. 11 உள்ளதை வைத்துக்கொண்டேன். அதன் தரத்தை 192-இலிருந்து இறக்கிவிட்டதில் கைப்பேசியில் இடமும் மிச்சம்.

மற்றதை நிறுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடாது. கட்டணத்தை அனுமதித்த இடத்துக்கே போய், யுபிஐ ஆட்டோபே என்றால் யுபிஐ செயலியில், அந்த அனுமதியை ரத்துசெய்ய வேண்டும். இலவச மாதம் முடிவதற்கு இரண்டு நாள் முன்பே செய்துவிடுங்கள்.